ஆட்டக்காரனும் நியமன உத்தரவும்

ஆண்டுதோறும் ஜூன் மாதக் கடைசியில், அமெரிக்காவில் கூடைப்பந்துப் பருவம் முடிந்து, கோப்பையை வென்ற நகரம் வீதியெல்லாம் ஊர்வலம் நடத்தி ஓய்ந்த பின்னர், ஆட்டத்தைக் காட்டிலும் அதிக ஆவலைக் கிளப்பிவிடும் ஒரு காலம் பிறக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்த ஆட்டக்காரர்கள் எந்த அணிக்கும் கட்டுப்படாதவர்களாகி, தமக்கு உகந்த அணியோடு பேசிக் கையெழுத்திட உரிமை பெறும் அந்தக் காலத்தை அவர்கள் ஃப்ரீ ஏஜென்சி என்கிறார்கள். பெயர் பெற்ற ஒருவர் அந்த நிலைக்கு வந்துவிட்டால், அவர் எங்கே போவார், யாரோடு சேருவார் என்பதே பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிக்கும் பல வாரங்களுக்குப் போதுமான விஷயமாகிவிடும். 2010 ஜூலை 8-ஆம் தேதி லெப்ரான் ஜேம்ஸ், தாம் கிளீவ்லாந்தை விட்டு மயாமிக்குப் போவதாகத் தொலைக்காட்சியில் தோன்றி அறிவித்தபோது, அதுவரை அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகப் பாராட்டி வந்த ஊரார் சிலர், அவர் பெயர் பொறித்த சட்டைகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள்.

நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் டொராண்டோ நகரம் 2019-ஆம் ஆண்டு இந்தச் சஞ்சலத்தை முழுமையாக அனுபவித்தது. முந்தின ஆண்டு சான் அன்டோனியோவிலிருந்து பரிவர்த்தனையாக வந்த காவாய் லெனர்ட், ஒரே ஒரு பருவம் ஆடி, ஜூன் 13-ஆம் தேதி அந்நகரத்து ராப்டர்ஸ் அணிக்கு அதன் முதல் சாம்பியன் பட்டத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, உடனே ஒப்பந்தம் முடிந்தவராகி நின்றார். அவர் நகரத்தை விட்டுப் போய்விடக் கூடாதே என்று உணவு விடுதிக்காரர்கள் பலர் அவருக்கு இலவசச் சாப்பாடு என்று அறிவித்தார்கள். விமான நிலையத்திலிருந்து அவர் ஏறி வந்ததாகக் கருதப்பட்ட மோட்டாரை ஹெலிகாப்டரில் பின்தொடர்ந்து தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஸ்கார்பரோவில் குடியேறிய என் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தொலைபேசியில், "அந்தப் பெடியன் இருப்பானோ போவானோ எண்டுதான் இஞ்சை எல்லாருக்கும் ஒரே யோசனை" என்று சொன்னபோது, அவர் குரலில் தொனித்த கவலை, மகன் தூரதேசத்து உத்தியோகத்துக்குப் புறப்படுவானோ என்று எண்ணும் தகப்பனாரின் கவலையாகவே இருந்தது. ஜூலை முதல் வாரத்தில் லெனர்ட், தாம் பிறந்து வளர்ந்த தெற்குக் கலிபோர்னியாவுக்கே திரும்பிச் செல்லத் தீர்மானித்து, லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணியில் சேர்ந்தார்.

இவ்வளவு பெரிய சுதந்திரம் அந்த ஆட்டக்காரர்களுக்கு வானத்திலிருந்து விழுந்துவிடவில்லை. ஒரு காலத்தில், ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரனைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை அணி முதலாளிக்கு இருந்தது. அவன் வேறிடம் போக வேண்டுமானால் ஆட்டத்தையே விட வேண்டும் என்ற நிலை. ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராயிருந்த ஆஸ்கர் ராபர்ட்சன், தாமே அக்காலத்து முதல்தர ஆட்டக்காரர்களில் ஒருவராக இருந்துகொண்டே, 1970-ல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் மீது வழக்குத் தொடுத்தார். ஆறு ஆண்டுகள் இழுத்து 1976-ல் சமரசமாக முடிந்த அந்த வழக்குத்தான் கதவைத் திறந்தது. முழு விடுதலை வருவதற்கு மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன; 1988-ல் டாம் சேம்பர்ஸ் என்பவர் சியாட்டில் அணியை விட்டு ஃபீனிக்ஸ் அணிக்கு, யாருடைய அனுமதியும் கேளாமல், சென்று சேர்ந்தார். இன்று கோடிகளுக்குக் கையெழுத்திடும் இளைஞர்கள் ராபர்ட்சனுக்குக் கடன்பட்டவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

இந்தச் செய்திகளையெல்லாம் நான் வாசிப்பது அத்திபெலேயில் இருந்துகொண்டு. பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் கர்நாடகத்தின் கடைசி ஊர் இது. சுங்கச் சாவடியைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் தமிழ்நாடு. கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே தேநீர்க் கடையில் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும் இந்த ஊரில், காலையில் பாதிப் பேர் வடக்கே எலெக்ட்ரானிக் சிட்டிக்கும், மீதிப் பேர் தெற்கே ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் பஸ் ஏறுகிறார்கள். பிழைப்புக்காக எல்லை கடப்பது இங்கே யாருக்கும் விசேஷமாகத் தோன்றுவதில்லை. ஆனால் பந்தைக் கையில் எடுத்த பிள்ளைக்கு மட்டும் அந்த எல்லை சட்டென்று உயர்ந்துவிடுகிறது. ஓசூர்ப் பள்ளியில் படித்தால் அவன் தமிழ்நாட்டுக்கு ஆட வேண்டியவன். இந்தப் பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்தால் கர்நாடகத்துக்கு. ஒரு மாநிலச் சங்கத்தின் கீழ் ஆடியவன் மற்றொன்றுக்குப் போவதானால் தடையில்லாச் சான்று வேண்டும்; அந்தக் காகிதத்துக்காகப் பிள்ளையும் தகப்பனும் சங்க அலுவலகத்தின் வெளிவாசலில் காத்து நிற்கும் காட்சி எனக்குப் பழக்கமானது.

எங்கள் தெருவில் அப்படியொரு பிள்ளை இருக்கிறான். ஆறடி ஐந்து அங்குலம். நிலைப்படியில் குனிந்தே நுழைவான். சிமெண்ட் தளத்தில் வலையில்லாத வளையத்தை நோக்கி விடியற்காலையில் பந்து எறிந்து பழகுகிறவன். அவன் பாதணியைப் பார்த்தால், திரும்பித் தாவும் இடது காலின் பெருவிரல் பக்கம் மட்டும் அடித்தோல் தேய்ந்து பளபளவென்றிருக்கும். சென்ற வருஷம் அவன் தாயார் ஒரு நெகிழியுறை போட்ட கோப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "அண்ணா, ரயில்வேயில ட்ரையல்ஸுக்குக் கூப்பிட்டிருக்காங்க, மெட்ராஸ்ல ஒரு பேங்க்லயும் கூப்பிட்டிருக்காங்க, எதுல போட்டா புள்ளைக்கு நல்லது, நீங்களே சொல்லுங்க" என்றாள். கோப்பைப் பிரித்தேன். உத்தியோகத்துக்கு விளையாட்டுத் தகுதியைக் காட்ட மத்திய சர்க்கார் வகுத்திருக்கும் படிவங்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. சர்வதேசப் போட்டிக்கு முதல் படிவம், தேசியப் போட்டிக்கு இரண்டாவது, பல்கலைக்கழகப் போட்டிக்கு மூன்றாவது, பள்ளிப் போட்டிக்கு நான்காவது என்பது விதி. இவனிடம் இரண்டாவதும் மூன்றாவதும் இருந்தன. முதல் படிவம் ஒன்று இருந்தால் சம்பள விகிதம் உயரும் என்று பையன் மெல்லச் சொன்னான்.

லெனர்ட் எங்கே கையெழுத்திடுவார் என்ற கேள்விக்கு நம் நாட்டு வடிவம் இதுதான். நம் நட்சத்திர ஆட்டக்காரனைக் குறித்து நாம் கேட்பது, எந்த அணி என்றல்ல, எந்த இலாகா என்று. ரயில்வே, ராணுவம், போலீஸ், ஓ.என்.ஜி.சி., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆகியவையே இந்தியக் கூடைப்பந்தின் நிஜமான அணிகள். பெரியகுளத்தில் கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கோ, கோயம்புத்தூரில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கோ போய்ப் பார்ப்பவர்கள், ஒரு வங்கியை ஒரு ரயில்வே எதிர்த்து நிற்பதைத்தான் மின்விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். தேசியப் போட்டியிலும் மாநிலங்களோடு ரயில்வேயும் ராணுவமும் தனித்தனி அணிகளாக நிற்கின்றன. வாரணாசியில் பிறந்து இந்திய அணியின் தலைவராக விளங்கிய விசேஷ் பிருகுவன்ஷி தேசியப் போட்டிகளில் உத்தராகண்டுக்கு ஆடினார் என்றால், அவருக்கு உத்தியோகம் கொடுத்த ஓ.என்.ஜி.சி. டேராடூனில் இருப்பதை நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கும்.

இந்த ஏற்பாட்டை எளிதாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த உத்தியோகங்கள் இல்லாவிட்டால் நம் நாட்டில் கூடைப்பந்து என்ற ஆட்டமே பள்ளிக்கூட வாசலோடு நின்றுபோயிருக்கும். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் நிச்சயம். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, தென்னக ரயில்வேயில் பணிபுரிந்துகொண்டே, 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியப் போட்டிகளில் இந்தியாவுக்கு ஆடினார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கலியாணமும் குழந்தைப்பேறும் ஆனவுடன் ஆட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டுமென்று எதிர்பார்க்கும் சமூகத்தில், பதினாறு ஆண்டுகள் ஒரு பெண் தளத்தில் நின்றாள் என்றால், மாதம் தவறாமல் வந்த அந்தச் சம்பளத்துக்கு அதில் பங்குண்டு என்றே நினைக்கிறேன். 2017-ல் பெங்களூர் கண்டீரவா உள்ளரங்கில், ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதியாட்டத்தில் நம் பெண்கள் கஜகஸ்தானை வென்று மேற்பிரிவுக்கு ஏறியது, அத்திபெலேயிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் நிகழ்ந்த வெற்றி.

ஆயினும் உத்தியோகம் ஆட்டக்காரனைக் காப்பாற்றுவதோடு கட்டியும் போடுகிறது. நியமன உத்தரவில் கையெழுத்திடும்போது அவனுக்கு வயது இருபதோ இருபத்திரண்டோ. அந்தக் கையெழுத்து அறுபதாவது வயது வரைக்கும் செல்லும். ஆட்டத் திறமை உச்சத்தில் இருக்கும் எட்டுப் பத்து ஆண்டுகளில் அவனை வேறு யாரும் அழைக்க முடியாது. அழைத்தாலும் அவன் போக முடியாது. விதிவிலக்காக, கேரளத்துக் கீது அன்னா ஜோஸ், சென்னையில் தென்னக ரயில்வேக்கு ஆடிய காலத்திலேயே ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்குச் சென்று ஆடிக் காட்டினார். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் மூன்று அணிகள் அவரை அழைத்துச் சோதித்துப் பார்த்தன. ஒப்பந்தம் கிட்டவில்லை. கிட்டாததில் எனக்கு வருத்தமில்லை. அவ்வளவு தூரம் போய்ச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர் அத்தனை ஆண்டுகளில் அவரே முதலாமவராக இருந்தார் என்பதில்தான் வருத்தம்.

ஆண்களிலும் கணக்கு விரல் விட்டு எண்ணக்கூடியதே. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துச் சத்னாம் சிங்கை, பதினான்கு வயதிலேயே அமெரிக்காவில் பயிற்சிக்குச் சென்றிருந்தவரை, 2015-ல் டல்லாஸ் மாவெரிக்ஸ் அணி ஐம்பத்திரண்டாவதாகத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். ஆனால் அந்த அணியின் சட்டையோடு ஒரு லீக் ஆட்டத்திலும் அவர் இறங்கவில்லை. 2017-ல் அம்ரித்பால் சிங் சிட்னி கிங்ஸ் அணியில் சேர்ந்தார்; அதே ஆண்டு அம்ஜ்யோத் சிங் ஓக்லஹாமா சிட்டி ப்ளூ அணிக்குப் போனார். உள்நாட்டில் சொந்த லீக் நடத்தும் முயற்சிகளும் உண்டு. 2015-ல் யூ.பி.ஏ. என்ற பெயரில் ஒரு லீக் தொடங்கி, சென்னை ஸ்லாம், பெங்களூர் பீஸ்ட் என்ற பெயர்களைக் கொஞ்ச காலம் பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருக்க, 2017-க்குப் பின் அது நின்றுவிட்டது. 2022-ல் ஐ.என்.பி.எல். வந்தது, அதில் சென்னை ஹீட் என்றும் பெங்களூர் கிங்ஸ் என்றும் அணிகள். நிலைத்து நிற்காத லீக்கை நம்பி, நிலைத்த உத்தியோகத்தை எந்தத் தாய் விடச் சொல்லுவாள்? விடச் சொல்லுவது நியாயமுமன்று. நிலைத்தது என்று நாம் நம்புவதும் சில சமயம் பெயரிழந்து போகிறது. பெங்களூரில் தலைமையகம் கொண்டு, கூடைப்பந்து அணியும் வைத்திருந்த விஜயா வங்கி, 2019 ஏப்ரல் முதல் தேதி பரோடா வங்கியில் இணைக்கப்பட்டதோடு, அந்தப் பெயர் தாங்கிய சட்டையும் தளத்தை விட்டு மறைந்தது.

எனவே உத்தியோகமா சுதந்திரமா என்று கேள்வியை வைப்பதே எனக்குச் சம்மதமில்லை. இரண்டும் கிடைக்க வழி இருக்கிறது. ஒரு சர்க்கார் இலாகாவிலிருந்து வேறொரு இலாகாவுக்குப் போகிறவர், பொதுவாக இரண்டு ஆண்டுகள் வரை பழைய பதவியின் மேல் உரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று விதியிருக்கிறது. அலுவலகங்களில் அதை லீன் என்பார்கள். குமாஸ்தா வேறு இலாகாவில் குமாஸ்தாவாவதற்கு இருக்கும் அந்தச் சலுகை, ஆட்டக்காரன் ஜப்பானிலோ ஆஸ்திரேலியாவிலோ இரண்டு பருவம் ஆடி வருவதற்கு ஏன் இருக்கக் கூடாது? மேலதிகாரி ரசிகராக வாய்த்தால் விடுப்புக் கிடைக்கிறது, அவர் மாற்றலாகிப் போனால் கிடைக்காமல் போகிறது என்ற நிலைமையில், எந்த இளைஞன் துணிந்து அந்நிய அணியின் கடிதத்துக்குப் பதில் எழுதுவான்? தயவாக வருவது என்றைக்கும் தயவுதான். அதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. ராபர்ட்சன் நீதிமன்றம் போனதும் தயவாக அல்லாமல் உரிமையாக எழுதி வாங்குவதற்காகத்தான்.

அந்தத் தாய்க்கு நான் சொன்னது, ரயில்வே ட்ரையல்ஸுக்கு முதலில் போகட்டும் என்பது. நியமன உத்தரவு வந்தால் ஏற்றுக்கொள்ளும்படியும் சொன்னேன். "அப்போ வெளிநாட்டு டீம் யாராச்சும் கேட்டா, சார்?" என்று பையன் கேட்டான். அவனுக்கு வயது இருபத்தொன்று. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நானல்லன்.

ரயில்வேயிலும் வங்கிகளிலும் போலீஸிலும் விளையாட்டுப் பிரிவைக் கவனிக்கும் அதிகாரிகளை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. ஆட்டக்காரனுக்குக் கொடுக்கும் நியமன உத்தரவிலேயே ஒரு ஷரத்தைச் சேருங்கள்: உள்நாட்டு லீக்கோ வெளிநாட்டு அணியோ அழைத்தால், சம்பளமில்லாத விடுப்பில் இரண்டு ஆண்டுகள் போய் வரலாம், திரும்பும்போது பணிமூப்புக் குறையாமல் அதே இடம் காத்திருக்கும். இதனால் உங்களுக்கு ஒரு ரூபாயும் செலவில்லை. வெளியே கற்றுக்கொண்டு வருபவன் உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் மறுபடியும் ஆடப்போகிறான். அடுத்த ட்ரையல்ஸ் அறிவிப்பு வெளிவருவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.