ஒட்டிக்கொண்ட பேக்கிங்

டெல்லி கரோல் பாக்கின் நாய்வாலா பக்கம் பழைய புல்லட்டைக் கொண்டுபோய் நிறுத்தினால், பெரும்பாலும் காதில் விழும் முதல் தீர்ப்பு ‘கார்புரேட்டர்ல கச்ரா’ என்பதுதான். கழற்றி, பெட்ரோலில் அலசி, ஜெட் துளையில் காற்றடித்து மாட்டினால் தீர்ந்தது என்று வண்டிக்காரர் டீக்கடைப் பக்கம் போய்விடுவார். குப்பை அரை மணியில் போய்விடும். வேலை இழுப்பது இரண்டு உலோகப் பாகங்களுக்கு நடுவே காய்ந்து கிடக்கும் காகிதத்தில். கடைமொழியில் அது பேக்கிங்.

தமிழருக்கு இதில் ஒரு சின்ன ஒட்டுறவு உண்டு. 1955-ல் சென்னையில் தொடங்கிய புல்லட் திருவொற்றியூரில் வளர்ந்த வண்டி. அதில் வந்த மிக்கார்ப் கார்புரேட்டரும் ஜப்பானின் மிகுனியோடு கைகோத்த சென்னை நிறுவனமான யூகாலின் தயாரிப்பு.

பேக்கிங் ஏன் அப்படி ஒட்டுகிறது? பெட்ரோல் காற்றுபட்டு நாளடைவில் பிசினாகிறது. என்ஜின் சூடு அதை வார்னிஷாக இறுக்குகிறது. இதுகூடப் பரவாயில்லை, ஊறவைத்தால் விட்டுவிடும். முன்பு வேலை பார்த்தவர் கிழிந்த பேக்கிங்கை மாற்றாமல், அதன் மேலேயே சீலன்டைப் பிதுக்கி ஸ்க்ரூவை முறுக்கியிருந்தால்தான் வினை. சிலிக்கோன் வகை சீலன்ட் பெட்ரோல் பட்டால் ஊதிப் பிய்ந்துவிடும். அந்தத் துணுக்கு நேரே ஜெட்டில் போய் அடைக்கும். கச்ரா என்று பழிக்கப்படுவதில் ஒரு பங்கு பெட்ரோல் பங்கிலிருந்து வந்ததல்ல, போன சர்வீஸில் வந்தது.

கார்புரேட்டர் உடம்பு அலுமினியம் அல்லது துத்தநாகக் கலவை, மெத்தென்ற உலோகம். பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணம் வரவில்லையே என்று ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் செருகி நெம்பினால் விளிம்பில் பள்ளம் விழும். புதுப் பேக்கிங் போட்டாலும் அந்த இடத்தில் பெட்ரோல் கசியும். பொறுமையுள்ள மிஸ்திரி கிண்ணத்தின் ஓரத்தை ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் சுற்றிச் சுற்றித் தட்டுவார். அதற்கும் மசியாவிட்டால் கிளீனரை அடித்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போவார். ஊறிய காகிதம் நிறம் மாறி நுரைத்து நிற்கும். அப்போது பிளேடைப் பரப்போடு படுக்கவைத்துத் தள்ளினால் சுருள் சுருளாக எழும். பிளேடைக் கொஞ்சம் நிமிர்த்தினாலும் உலோகமும் சேர்ந்து வரும். தோசைக்கல்லைச் சுரண்டுவதுபோல் சுரண்டுகிறவரிடம் வண்டியை விடாமலிருப்பது நல்லது. உப்புத்தாள் சுற்றும் கிரைண்டரை எடுப்பவரிடம் விடவே கூடாது.

கார்புரேட்டர் என்ஜினோடு சேரும் இடத்துப் பேக்கிங் இன்னும் பொல்லாதது. அங்கே கீறல் இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே புகும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு சுமார் 14.7 பங்கு காற்று என்ற எடைக்கணக்கு குலையும். ஐட்லிங் ஏறி இறங்கும், சைலன்சரில் வெடிச்சத்தம் கேட்கும், என்ஜின் கொதிக்கும். ட்யூனிங் ஸ்க்ரூவை எத்தனை முறை திருகினாலும் பிடிபடாது. பாவம், பழி கார்புரேட்டர் மேல் விழும்.

புதுப் பேக்கிங் கிட்டில் கிடைக்காவிட்டால் ஷீட் வாங்கிக் கையால் வெட்டுவதுண்டு. வார்ப்பிரும்புப் பாகமென்றால் ஷீட்டை மேலே வைத்துச் சின்னச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டியே அச்சு எடுத்துவிடலாம். கார்புரேட்டரில் அப்படித் தட்டினால் விளிம்பு மழுங்கும். கிரீஸ் தடவிப் பதிவெடுத்துக் கத்தரியால் வெட்டுவதே சரி. மாட்டும்போதும் மெல்லிய கிரீஸ் போதும், அடுத்தமுறை கழற்றுகிறவர் வாழ்த்துவார்.

இப்போது எத்தனால் வேறு. 2025-ல் நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவீதக் கலப்பு வந்துவிட்டது. எத்தனால் டாங்கில் படிந்த பழைய பிசினைக் கரைத்துக் கீழே அனுப்பும், ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் சீல்களை உப்பவைக்கும். நிறுத்தியே வைத்த வண்டியின் கிண்ணத்தைத் திறந்தால் வெள்ளைப் பொடி பூத்திருக்கும்.

டெல்லிக் கார்களில் இந்த வேலை ஏறக்குறைய முடிந்த கதை. உச்ச நீதிமன்றம் 1999-ல் போட்ட உத்தரவால் 2000 ஏப்ரல் முதல் தலைநகர் வட்டாரத்தில் யூரோ 2 புகை விதிக்கு உட்பட்ட கார்களைத்தான் பதிய முடிந்தது. மாருதி 800-உம் கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்ஷனுக்கு மாறியது. பிறகு 15 வருடமான பெட்ரோல் வண்டி ஓடக்கூடாதென 2014-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025-ல் அந்த விவகாரம் மறுபடி அதே நீதிமன்றப் படியேறியது. 1964 முதல் நடக்கும் ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் பழங்கார் பேரணியில் வருபவை தனி ஜாதி.

பைக்குகளின் கணக்கு வேறு. பிஎஸ் 6 புகை விதி வந்த 2020 ஏப்ரல் வரை கார்புரேட்டர் பைக்குகள் விற்பனையில் இருந்தன. 15 வருட விதி அப்படியே நின்றால்கூட, கரோல் பாக்கில் 2035 வரை பேக்கிங் சுரண்ட ஆள் தேவைப்படும்.