தடுத்து வழிகாட்டும் தகடு

இயங்கும் பொருள்களையே மக்கள் கண் முதலிற் காணும். தாம் இயங்காது நின்று, இயங்குவனவற்றுக்கு உதவும் பொருள்களைக் காண்பார் சிலரே. நிறைந்த ஏரியைப் புகழ்வார் பலர். விளைந்த வயலைப் புகழ்வாரும் பலர். இரண்டுக்கும் இடையே நின்று, நீரை வேண்டிய வாய்க்காலில் விடுக்கும் மடையைப் புகழ்வாரோ அரியர். மடை பழுதுபட்டு நீர் வீணே ஓடியபோதுதான் அதன் அருமை ஊராருக்குப் புலனாகும். ஆகாய விமானத்தின் இயந்திரத்திலும் அத்தகையதோர் உறுப்பு உண்டு. அதனைத் தொழில் செய்வோர் ‘பேஃபிள்’ என்பர். நாம் காற்றுத் தடுப்புத் தகடு எனலாம். சென்ற கோடை விடுமுறையில் அவ்வுறுப்போடு ஆறு வாரம் பழகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இலக்கண நூல்களோடு பொழுது போக்குபவன் இயந்திரத்தைப் பற்றி எழுதப் புகுந்தது என்னை என நண்பர்கள் நகைக்கலாம். முழுதும் படித்த பின்னர் நகைப்பாராக.

என் தாய்மாமன் பெங்களூரில் விமானப் பராமரிப்புப் பொறியாளராகப் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்றாரேயன்றி அவர் கைகள் ஓய்வு பெறவில்லை. நகருக்கு வெளியே ஒரு கொட்டகையில், நண்பர் ஒருவருக்கு உரிய பழைய ‘புஷ்பக்’ விமானத்தைப் புதுப்பிக்கும் வேலையை ஏற்றிருந்தார். யான் அவருக்குச் சிற்றாளாகச் சேர்ந்தேன். இவ்விமானம் ஹிந்துஸ்தான் விமான நிறுவனத்தில் வி. எம். காட்கே அவர்களின் தலைமையில் வடிவமைக்கப்பெற்று, 1958-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் முதன்முறை வானேறியது. ஏறத்தாழ 150 விமானங்கள் இவ்வகையிற் செய்யப்பெற்றன. நம் நாட்டுப் பறக்கும் கழகங்களில் விமானம் ஓட்டப் பயின்றோர் பலர் இதில் ஏறியே பயின்றனர். குபேரனிடமிருந்து இராவணன் கவர்ந்த புட்பகம் எத்தனை பேர் ஏறினும் இடங்கொடுக்கும் என்பர். துணி போர்த்த இப்புஷ்பகத்திலோ இருவர் அருகருகே அமரவே இடமுண்டு. இதனை இழுப்பது ‘காண்டினென்டல் சி-90’ என்னும் அமெரிக்க இயந்திரம். நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாகக் கை விரித்தாற்போல் கிடக்கும்; திறன் 90 குதிரைத் திறன்.

இவ்வியந்திரத்துக்கு நீர்க் குளிர்ச்சி இல்லை, காற்றே குளிர்ச்சி. பெட்ரோல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூட உழைப்பாக மாறுவதில்லை; எஞ்சியதிற் பெரும்பகுதி புகைவழியே போக, மற்றொரு பகுதி சிலிண்டரின் உலோகத்தில் ஏறுகின்றது. அதனை உடனுக்குடன் அகற்றாவிடில் அலுமினியத் தலைப்பாகம் வலிமை குன்றி விரிசல் விடும், வால்வுகள் கருகும். இத்தொல்லை விமானத்தோடு உடன்பிறந்தது. 1909-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தபோது, அவருடைய 25 குதிரைத் திறனுள்ள அன்ஸானி இயந்திரம் சூடேறியதாகவும், வழியிற் பெய்த சிறு மழையே அதனைக் காத்ததாகவும் ஒரு கதை வழங்குகின்றது. அக்காலத்திலேயே பிரான்சு நாட்டுச் செகன் சகோதரர்கள், சிலிண்டர்கள் தாமே சுழன்று குளிருமாறு ‘நோம்’ என்னும் இயந்திரத்தை அமைத்தனர். பின்னர் 1928-இல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் பிரெட் வீக் என்பாரும் அவர் குழுவினரும், இயந்திரத்தைத் திறந்து வைப்பதினும் தக்கவாறு மூடி வைப்பதே நன்று எனக் காட்டினர். அவர்கள் அமைத்த மூடியைப் பூண்ட ஒரு விமானத்தின் வேகம் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலாக உயர்ந்தது, குளிர்ச்சியும் குறையவில்லை.

மூடினால் எங்ஙனம் குளிரும்? இங்கேதான் தகட்டின் பெருமை விளங்குகின்றது. திறப்புப் பெரிதானால் காற்று மிகுதியாய்ப் புகும், புகுந்தால் குளிரும் என்றே எவரும் எண்ணுவர். காற்றோ நீரைப் போலவே எளிய வழியை நாடுவது. சிலிண்டரைச் சுற்றிலும் சீப்பின் பற்கள்போல் மெல்லிய உலோகச் செதில்கள் நெருங்கியுள்ளன. அவற்றின் இடுக்கிற் புகுவது காற்றுக்கு வருத்தம். பக்கத்தே பரந்த வெளியிருப்பின் அவ்வழியே ஓடிவிடும். ஆதலின் மூக்கின் திறப்புகளிற் புகுந்த காற்றை இயந்திரத்தின் மேற்புறத்தே தேக்க வேண்டும். பின்னும் பக்கத்தும் அணைபோல் தகடு நிறுத்த வேண்டும். மேலே தேங்கிய காற்றின் அழுத்தம் மிகுதி. கீழே அழுத்தம் குறைவு. இவ்வேறுபாடு நீர்மட்டத்தால் அளப்பின் சில அங்குலமே. அச்சிறு வேறுபாட்டையே முதலாகக் கொண்டு, காற்றானது செதில்களின் இடுக்கு வழியே கீழிறங்கி வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. சிலிண்டர்களுக்கு இடையே, அடிப்புறத்தில், கைப்பிடியளவான வேறொரு தகடும் உண்டு. காற்று மேற்பாதியைத் தடவிவிட்டு விலகாமல், அடிப்பாதியையும் தழுவிச் செல்லுமாறு செய்வது அது.

மாமாவின் கொட்டகையில் யான் கண்ட தகடுகள் இரங்கத்தக்க நிலையில் இருந்தன. மடிப்புகளில் விரிசல்; ஆணித் துளைகள் நீண்டு முட்டை வடிவாயிருந்தன. விளிம்பிலிருந்த பட்டை கருகி, தொட்ட இடத்தில் உதிர்ந்தது. பழைய பட்டைகளிற் கல்நார் கலந்திருத்தல் கூடும் என்பதால், அதனை நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே மாமா அகற்றினார். சில விரிசல்களின் நுனியில் முன்னொருவர் சிறு துளையிட்டிருந்தார். விரிசலின் நுனி வட்டமானால் அது மேலும் ஓடாது நிற்கும் என்பது தொழில் மரபு. ஆயினும் தகடுகள் பெரும்பாலும் நைந்துவிட்டமையால், பழையன அளவுக்கு மாத்திரம் ஆகும் என்று தீர்மானித்து, அவற்றை அட்டையிற் படியெடுத்து, புதியன வெட்டத் தொடங்கினோம்.

தகட்டின் கனம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 32 பங்கு, ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிய பொருளுக்கு இத்தனை விதிகளா என்று வியந்தேன். மடிக்கும் இடத்திற் கோடு கீறுதல் ஆகாது. அக்கீறலே பின்னர் விரிசலாகும். பென்சிலால் எழுதுதலும் ஆகாது. அதன் கரி அலுமினியத்தை அரிக்கும். மடிப்பு கூராய் இராது சற்று உருண்டிருத்தல் வேண்டும். தகடு ஆலையில் உருட்டப்பெற்ற திசைக்குக் குறுக்காக மடிப்புக் கோடு அமைதல் நன்று. வெட்டிய விளிம்பை விரல் கிழியாதவாறு அரத்தால் தேய்த்து மழுக்க வேண்டும். பொருத்திய பின் தகடு செதிலோடு உராயவும் கூடாது, அகன்று நிற்கவும் கூடாது. இவற்றுள் எனக்கு மிக்க இன்பம் தந்தது விளிம்பிலே தைக்கும் ரப்பர்ப் பட்டையின் இயல்பு. பட்டையின் நுனி, அழுத்தம் மிக்க பக்கமாகவே வளைந்திருத்தல் வேண்டும். அப்போது காற்றே அதனை மூடியோடு சேர்த்து அழுத்தி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். மறுபுறம் வளைந்ததாயின், அதே காற்று அதனைத் தள்ளித் திறந்து கொண்டு ஓடிவிடும்.

ஒருநாள் மாலை, சிலிண்டர்களின் இடைத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாமா நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “மருமகனே, இதைப் போன்ற ஒன்றைப் பலகைமேற் கண்டும் வாளாவிருந்தவன் நான்” என்று தொடங்கினார். அவர் தொழில் பயிலும் இளைஞராயிருந்த காலம் அது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. பிரித்துச் சேர்த்த ஓர் இயந்திரத்தை விமானத்தில் ஏற்றிய பின், இச்சிறு தகடு பலகைமேல் எஞ்சிக் கிடந்தது. மேலாளாயிருந்தவர், “இஃது இன்றியும் ஓடும்” என்றார். இயந்திரமும் ஓடியது, மூன்று மாதம் ஓடியது. சித்திரை வெயிலில் ஒருநாள், பயிற்சி பெறும் மாணவரோடு ஆசிரியர் மேலேறுகையில், பின்புறத்துச் சிலிண்டரின் தலை விரிந்து விசை குன்றிற்று. வற்றிய ஏரியொன்றில் இறங்கினர். ஆசிரியர் காயமின்றித் தப்பினார். மாணவரின் முழங்கால் அன்றுமுதல் மடங்கவே இல்லை. “அவர் இன்றும் எனக்கு நண்பர், ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. இந்த விமானம் அவருடையதுதான்” என்று மாமா முடித்தார். தடியூன்றி வாரந்தோறும் கொட்டகைக்கு வந்து, மரப்பெட்டிமேல் அமர்ந்து தேநீர் அருந்திச் செல்லும் பெரியவர் யார் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

வேலை முடியும் தறுவாயில் அப்பெரியவரே அவசரப்படுத்தினார். வெளியூரிலிருந்து ஒரு விமானி வந்திருந்தார். அவர் திரும்புமுன் விமானம் பறந்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். அன்றிரவு மாமா இயந்திர மூடியைப் பூட்டி, அதன் அடியிலே ஒரு விளக்கை ஏற்றிவைத்து, கொட்டகையின் மற்றைய விளக்குகளை அணைக்கச் சொன்னார். முன்புறத் திறப்பின் வழியே உள்ளே நோக்கினோம். எங்கே ஒளி கசிகின்றதோ அங்கே காற்றும் கசியும். செதில்களின் இடுக்கில் ஒளி தெரிதல் முறையே. பிற இடங்களில் இருள் நிலவ வேண்டும். இடப்புறத்துப் பின்மூலையில், இவ்வியந்திரத்தின் கணக்கில் இரண்டாம் சிலிண்டர் எனப்படும் இடத்தில், பிறை போன்றதோர் ஒளி தெரிந்தது. என் பெருவிரல் நுழையும் அளவுதான்.

“இவ்வளவு போதாதா?” என்றார் பெரியவர்.

“போதாது அண்ணா. இந்த முறை நான் வாய் திறந்து சொல்கிறேன்” என்றார் மாமா.

பெரியவர் சற்றுநேரம் அவரை நோக்கியிருந்து, தலையசைத்தார். மறுநாள் அப்பக்கத்துத் தகட்டைக் கழற்றிப் புதிதொன்று செய்தோம். விமானியும் ஊர் திரும்பினார். பன்னிரண்டு நாள் கடந்த பின்னரே மற்றொரு விமானி வந்து பறந்தார். சோதனைக்கென நான்கு சிலிண்டர்களிலும் ஸ்பார்க் பிளக்கின் அடியில் வெப்பம் அளக்கும் கம்பிகளை மாமா இணைத்திருந்தார். விமானம் இறங்கியதும் விமானி குறித்துத் தந்த தாளை அவர் படித்தார். நான்கின் வெப்பமும் ஒன்றுக்கொன்று அணித்தாகவே இருந்தன. தாளை மடித்துப் பெரியவர் கையிற் கொடுத்தார். அவர் அதனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாரே தவிர ஒன்றும் கூறவில்லை.

எம் வகுப்பிலே யாப்பிலக்கணம் பயிலும்போது, கருத்தைத் தடையின்றி ஓடவிட்டாலென்ன, அசையும் சீரும் தளையும் எதற்கு என்னும் வினா ஆண்டுதோறும் எழுவதுண்டு. யாப்பு என்பதன் பொருள் கட்டுதல். தன் போக்கில் விட்ட காற்று இயந்திரத்தின் பக்கத்தே ஓடிக் கழிகின்றது. கட்டுண்டு இடுக்கில் இறங்கிய காற்றே வெப்பத்தைச் சுமந்து செல்கின்றது. சொல்லுக்கும் இஃது ஒக்கும் என்று இப்போது துணிகின்றேன்.

எனினும் யான் அக்கொட்டகையிற் கற்றது யாப்பின் பயன் மட்டுமன்று. ஒரு சிறு தகடு பலகைமேல் எஞ்சிக் கிடக்க, இஃது இன்றியும் ஓடும் என்று மூத்தோர் ஒருவர் கூறும் வேளை நம் ஒவ்வொருவர் தொழிலிலும் வரும். நாம் ஆசிரியராகலாம், மருத்துவராகலாம், அலுவலகத்தில் ஏடு எழுதுவோராகலாம். ஓடும் என்பது பெரும்பாலும் மெய்யே. மூன்று மாதம் ஓடவும் செய்யும். அவ்வேளையில் பணிவு குன்றாமலே, இதனை இட்ட பின் புறப்படுவோம் என்று கூறும் துணிவு இளைஞராகிய நமக்கு வாய்ப்பதாக.