நாசரேத்து ஊரில் ஒரு கண்ணாடி முழவு

நாசரேத் என்னும் பெயரைக் கேட்டவுடன் வேதாகமத்தில் வரும் ஊரே எவருக்கும் நினைவில் எழும். தமிழகத்திலும் அப்பெயர் பூண்ட ஊர் ஒன்றுண்டு. நாம் கண்டுவந்த நாசரேத்தோ அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ளது. நியூயோர்க் நகருக்கு மேற்கே ஏறக்குறைய 120 கிலோமீற்றர் தொலைவிலே கிடக்கும் சிற்றூர் அது. நியூஜேர்சியில் வாழும் எமது தமக்கையாரின் மகன், பல்கலைக்கழக மாணவன், தன் காரிலே எம்மை அழைத்துச் சென்றான்.

டெலவெயர் ஆற்றைக் கடந்து ஈஸ்ரன் பட்டினத்தை விட்டு வடமேற்கே திரும்பியதும் சோளக் கொல்லைகளுக்கு அப்பால் சீமெந்து ஆலைகளின் கோபுரங்கள் தோன்றின. அப்பகுதி நிலமும் எமது வலிகாமத்து நிலம் போலச் சுண்ணக்கல் நிலமே. 1990ஆம் ஆண்டிலே ஓய்ந்துபோன காங்கேசன்துறை ஆலையை நினைந்து ஒரு பெருமூச்சு விட்டோம்.

இவ்வூர் வாத்தியங்களின் ஊர். 1740ஆம் ஆண்டில் இங்கே வந்து குடியேறிய மொரேவியச் சபையார் வழிபாட்டையும் இசையையும் பிரித்தறியாதவர்கள். அவர்களுள் ஒருவரான ஜோன் அன்ரிஸ் 1759ஆம் ஆண்டிற் செய்த வயலின் ஒன்று, இவ்வூரிலுள்ள மொரேவிய வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பில் இருக்கின்றது. அமெரிக்காவிற் செய்யப்பட்டு இன்றும் எஞ்சியுள்ள மிகப் பழைய வயலின்களுள் அதுவும் ஒன்று.

பின்னர் ஜெர்மனியிலிருந்து கிறிஸ்ரியன் பிரெடரிக் மார்ட்டின் வந்தார். 1833ஆம் ஆண்டில் நியூயோர்க்கிற் கடை திறந்த அவர், சில ஆண்டுகளின் பின் நாசரேத்துக்குக் குடிபெயர்ந்தார். அவர் பெயரால் விளங்கும் கிற்றார்த் தொழிற்சாலை இன்றும் இவ்வூரிலே இயங்குகின்றது. அதன் அருங்காட்சியகத்தையும் வேலைத்தலத்தையும் சுற்றிப் பார்த்தோம். அங்கே மரத்துக்குச் செய்யப்படும் உபசாரம் வியக்கத்தக்கது. காற்றிலுள்ள ஈரத்தை அளந்து அளந்து காக்கின்றார்கள். ஈரம் கூடினால் மரம் பருக்கும், குறைந்தால் வெடிக்கும். கோயிற் சிலைக்குச் செய்யும் பணிவிடைக்கு அது குறைந்ததன்று.

ஆயினும் நாம் அவ்வூருக்குச் சென்றது கிற்றாரைக் காண்பதற்கன்று. மருமகனுடன் வேலைசெய்யும் ஒருவரின் தந்தையார் ஊருக்கு வெளியே வாழ்கின்றார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர். அவர் பழைய பைபர்கிளாஸ் டிரம்களைத் தேடிச் சேர்ப்பவர் என்று கேள்விப்பட்டு, அவற்றைக் காண அனுமதி பெற்றிருந்தோம்.

வீட்டின் நிலக்கீழ் அறைக்கு எம்மை இட்டுச் சென்றார். பெரிய டிரம்களும் சிறியனவும் சுவரோரமாக வரிசையாக நின்றன. மருமகன் எம் காதருகே குனிந்து, "மாமா, இது வெறும் பிளாஸ்ரிக்தானே? இதைப் போய் ஏன் சேர்க்கிறார்?" என்றான். நாமும் மனத்தினுள் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். மரத்தின் பெருமையைக் கண்டு வந்த கண்களுக்கு அவை ஏழை உறவினர்போலத் தோன்றின.

பைபர்கிளாஸ் எமது நாட்டாருக்குப் புதிதன்று. நோர்வே நாட்டு உதவியுடன் காரைநகரில் எழுந்த சீநோர் நிறுவனத்தையும், கரைகளிலே நிற்கும் பைபர் படகுகளையும் அறியாதார் யாழ்ப்பாணத்தில் இலர். உருக்கிய கண்ணாடியை மயிரினும் மெல்லிய இழையாக இழுத்து, அதனைப் பாய்போலாக்கி, அச்சின்மேற் பரப்பிப் பிசினால் நனைத்து இறுகச் செய்தால் அதுவே பைபர்கிளாஸ். 1930களில் அமெரிக்காவிலே தொழில்முறையாக வளர்ந்த இப்பொருளைக்கொண்டு 1953ஆம் ஆண்டில் செவர்லே நிறுவனத்தார் கோர்வெற் காரின் உடலையே செய்தார்கள். படகும் காரும் ஆன பொருள் முழவாவதற்கு நெடுங்காலம் செல்லவில்லை.

டிரம்முக்கு இது எதற்காக வேண்டியிருந்தது? முன்னாளில் அதன் முகத்திலே கன்றுத்தோலே போர்த்தப்பட்டது. மழைக்காலத்திலே தோல் தளர்ந்து சுருதி இறங்கும். வெயிலிலே முறுகி ஏறும். எமது மிருதங்க வித்துவான்கள் படும் பாடும் இதுவே. 1950களின் பிற்பகுதியில் பிளாஸ்ரிக் தோல் சந்தைக்கு வந்தது. 1957ஆம் ஆண்டில் ரெமோ பெலி தொடங்கிய நிறுவனம் அதனை உலகெங்கும் பரப்பியது. தோல் காலநிலைக்கு அஞ்சாததாயிற்று. உடலும் அவ்வாறே ஆகலாகாதோ என்ற எண்ணம் அடுத்து எழுந்தது.

1960களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டில் பொப் கிராவுசோ, ஜோன் மொரேனா என்னும் இருவர் பைப்ஸ் என்ற பெயரில் பைபர்கிளாஸ் டிரம்களைச் செய்யத் தொடங்கினர். குரோமியத் தகடு போர்த்த அவர்களுடைய ஸ்நேர் டிரம் ஜாஸ் இசையாளரிடையே பெரும் பெயர் பெற்றது. அடித்தோலின் கீழே சுருட்கம்பிகள் அதிரும் சிறு முழவே ஸ்நேர் என்பது. புகழ்பெற்ற பட்டி ரிச் அவர்களும் பைப்ஸ் ஸ்நேரை வாசித்தவரே.

இவ்விடத்தில் முதியவர் புன்னகையுடன் ஒரு செய்தி சொன்னார். அந்தப் பைப்ஸ் நிறுவனத்தைப் பின்னர் விலைக்கு வாங்கியவர்கள் வேறு எவருமல்லர்; நாம் காலையிலே கண்டுவந்த, மரத்தைத் தெய்வமாகப் போற்றும் மார்ட்டின் நிறுவனத்தாரே! அந்த உறவு நீடிக்கவில்லை. 1979ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்து ஜிம் கோர்டர் என்பவரிடம் தொழில் கைமாறியது. அவரோ மர டிரம்களையே செய்யலானார். 1990களில் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் அப்பெயர் மீண்டும் துளிர்த்தது. ஆயினும் லோங் ஐலண்டிற் செய்த பழைய டிரம்களையே சேகரிப்போர் இன்றும் தேடுகின்றனர்.

வேறு பலவும் அங்கே இருந்தன. ஜப்பானியப் பேர்ள் நிறுவனத்தார் 1970களிற் செய்தவை வெளியே மரமும் உள்ளே பைபர்கிளாஸுமாக இருந்தன. ஒறெகன் மாநிலத்து ரோஜர் நோர்த் அமைத்த டிரம், எக்காளத்தின் வாய்போல முன்னே வளைந்து விரிந்து நின்றது. ஒலியைச் சபையோரை நோக்கித் திருப்புவது அதன் நோக்கமாம். கண்ணாடி போலவே ஊடுருவித் தெரியும் டிரம் ஒன்றைக் காட்டி, "இதுதான் உண்மையான கண்ணாடி" என்றான் மருமகன். அது அக்கிரிலிக் என்னும் வேறு பொருள் என்று முதியவர் திருத்தினார். பைபர்கிளாஸ் ஊடுருவித் தெரியாது. கைவிளக்கை உள்ளே பிடித்தால், பின்னிய இழைகளின் கோலம் பிசினுக்குள்ளே மங்கலாகத் தெரியும். அதுவே அடையாளம்.

வாங்குமுன் பார்க்கவேண்டியவற்றையும் சொன்னார். தோல் படியும் விளிம்பு சமமாக உள்ளதா என்று தட்டையான பலகைமீது கவிழ்த்துப் பார்க்கவேண்டும். விளிம்பிலே சிதைவு உண்டா, பிற்காலத்தவர் புதிய துளை இட்டனரா, குரோமியத் தகடு உரிந்ததா, திருகாணிகள் ஆதியிலிருந்தவையா என ஆராயவேண்டும். உடல் அழியாது, அதைச் சார்ந்தவையே அழியும் என்றார்.

பின்னர் எம்மைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். ஒரே அளவான இரண்டு ஸ்நேர் டிரம்கள். ஒன்று மரம், மற்றையது பைபர்கிளாஸ். இரண்டுக்கும் ஒரே வகைத் தோல், ஒரே சுருதி. ஐந்துமுறை தட்டினார். எது எது என்று நாம் சொல்லவேண்டும். மூன்றுமுறை சரியாகவும் இரண்டுமுறை பிழையாகவும் சொன்னோம். மருமகனுக்கு இரண்டே சரி. பைபர்கிளாஸின் ஒலி சற்றுத் தெளிந்து துள்ளி எழுந்தது உண்மையே. ஆயினும் நாம் எண்ணி வந்த பெரும் வேற்றுமை அங்கே இல்லை. தோலும் சுருதியும் வாசிப்பவர் கையும் செய்யும் வேலையே பெரிது என்று அவர் விளக்கினார். ஏழை உறவினர் என்று எண்ணியது எமது கண்; செவியன்று.

எமக்கு வேறொரு நினைவு எழுந்தது. எமது தந்தையார் வாசித்த பலாமர மிருதங்கம் ஒன்று எம் வீட்டில் இருந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்களோடு மக்களாக நாமும் தென்மராட்சிக்கு நடந்தபோது, அரிசியையும் பாயையும் சுமந்தோமேயன்றி அதனைச் சுமக்கவில்லை. மறுவருடம் திரும்பியபோது கூரை ஓடுகள் இல்லை. தோல் அழுகிப்போயிருந்தது, வார்கள் அற்றிருந்தன, கட்டையின் ஒருபுறத்தைக் கறையான் தின்றிருந்தது. தந்தையார் அதைத் தொடவில்லை. பின்னர் வாசிக்கவும் இல்லை. அம்மாதான் வெற்றுக் கட்டையைத் துடைத்துச் சாமான் அறையிலே வைத்தார்.

பெங்களூரைச் சேர்ந்த கருநாடக இசைக் கலைஞரும் பொறியியலாளருமான கே. வரதரங்கன் அவர்கள் பைபர் உடலும் செயற்கைத் தோலும் கொண்ட மிருதங்கத்தை ஆக்கியுள்ளார்கள். அதுபோன்ற ஒன்று அன்று எம் வீட்டில் இருந்திருந்தால் மழைக்கும் கறையானுக்கும் தப்பியிருக்கும் அல்லவா? இதனை முதியவரிடம் சொன்னோம்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. ஒரு டிரம்மின் தோலைக் கழற்றி உள்ளே காட்டினார். உட்சுவரில் சிறு கடதாசி ஒட்டப்பட்டிருந்தது. செய்த ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு, முதலில் வாசித்தவர் யார், எவர் கையிலிருந்து வந்தது என்பன அதிலே பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. எல்லா டிரம்களிலும் அவ்வாறே. பழையன விற்கும் இடங்களிலே பெயரற்றுக் கிடந்தவையே பல என்றார். உடல் புதிதுபோல் இருந்ததாம். இது எவருடையது என்று சொல்ல ஒருவரும் இல்லையாம். "அழியாமல் இருப்பது வேறு, அறியப்பட்டு இருப்பது வேறு" என்ற கருத்துப்படப் பேசினார்.

காரிலே திரும்பும்போது மருமகன், "மாமா, தாத்தாவின் மிருதங்கத்தைச் செய்தவர் யார்?" என்று கேட்டான். எமக்கு விடை தெரியவில்லை. மிருதங்கத்தை இழந்ததற்காக வருந்தியவர் நாம். செய்தவர் பெயரை ஒருநாளேனும் கேட்டதில்லை.

ஊர் திரும்பிய மறுநாளே அம்மாவிடம் கேட்டோம். வயது முதிர்ந்த அவர் நெடுநேரம் யோசித்தார். பின்னர் செய்தவர் பெயரையும், அவர் இருந்த ஒழுங்கையையும், கட்டை எந்த வளவுப் பலாவிலிருந்து தறிக்கப்பட்டது என்பதையும் சொன்னார். தந்தையார் அதை வாங்கியது தம் திருமணத்துக்கு முந்திய வருடம் என்றும் சொன்னார். இன்னும் சில ஆண்டுகள் கழிந்திருந்தால் கேட்பதற்கும் ஆளிராது.

சாமான் அறையிலிருந்து கட்டையை வெளியே எடுத்தோம். கறையான் தின்ற பக்கத்தைத் தூரிகையாற் சுத்தம் செய்து, அம்மா சொன்னவற்றை ஒரு கடதாசியில் எழுதி உள்ளே ஒட்டினோம். கையெழுத்துச் சரியாக இருக்கின்றதா என்று அம்மா மூக்குக்கண்ணாடியை அணிந்து பார்த்தார். பெயரிலே ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அதனைத் திருத்துவித்த பின்னரே எழுந்து போனார்.