தெரிஞ்ச கணக்குதான் சார்!

ஒரு சின்னக் கணக்கு. பேனா எடுக்காமல் பதில் சொல்லுங்கள். கிரிக்கெட் மட்டையும் பந்தும் சேர்த்து 110 ரூபாய். மட்டை, பந்தைவிட 100 ரூபாய் அதிகம். பந்து என்ன விலை?

'பத்து ரூபாய்' என்று மனசு முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் வந்து நிற்கும். பந்து 10 என்றால் மட்டை 110; மொத்தம் 120 ஆகிவிடுமே! சரியான விடை 5. இந்தக் கணக்கின் டாலர் வடிவத்தையும் இதே மாதிரி இன்னும் இரண்டு கேள்விகளையும் 3,400-க்கும் மேற்பட்டவர்களிடம் கொடுத்துப் பார்த்து, 2005-ல் முடிவை வெளியிட்டார் ஷேன் ஃப்ரெடரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர். மூன்றையும் சரியாகப் போட்டவர்கள் நூற்றுக்கு 17 பேர். எம்.ஐ.டி. மாணவர்களிலேயே பாதிக்கு மேல் ஏதாவது ஒன்றில் வழுக்கினார்கள். அவர்களுக்கா கூட்டல் தெரியாது?

"தெரிஞ்ச கணக்குதான், சில்லி மிஸ்டேக்ல போச்சு!" பரீட்சை முடிந்து எந்தப் பள்ளி வாசலில் நின்றாலும் இது காதில் விழும். வீட்டில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: "கவனம் பத்தாது." பேச்சு அதோடு முடிந்துவிடும். தெரியாத கணக்குக்கு டியூஷன் வைக்கிறோம். தெரிந்த கணக்கில் போன மார்க்குக்குத் திட்டு மட்டும்தான். அது எப்படிப் போனது என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

எங்கள் எதிர் ஃபிளாட் பெண் வங்கித் தேர்வுக்கு மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு தடவையும் கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே. "இந்தத் தடவையும் போச்சுன்னா மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சுடுவேன் சார்" என்று அவள் அப்பா லிஃப்ட்டில் வைத்தே சொல்லிவிட்டார். அவள் எதுவும் பேசவில்லை; லிஃப்ட்டின் நம்பர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நீ எழுதின மாதிரித் தேர்வு ரஃப் ஷீட்டையெல்லாம் எடுத்துட்டு வாம்மா" என்றேன். பத்துப் பதினோரு தேர்வு தேறியது. தப்பான கணக்குகளை மட்டும் தனியே எடுத்து டைனிங் டேபிளில் பரப்பினோம்.

எத்தனையோ விதமான தப்புகள் இருக்கும் என்றுதான் நினைத்தேன். தெரியாமல் விட்டதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், மீதி எல்லாம் மூன்றே ஜாதி!

ஒன்று, கேட்டது வேறு, சொன்னது வேறு. 1,200 ரூபாய் சேலைக்கு 15 சதவீதம் தள்ளுபடி; வாடிக்கையாளர் கொடுத்தது எவ்வளவு? 180 என்று கண்டுபிடித்ததும், விடைகளில் முதலாவதாக 180 இருப்பதைப் பார்த்து டிக் அடித்துவிட்டாள். கொடுத்தது 1,020. கேள்வி தயாரிப்பவர் லேசுப்பட்டவர் இல்லை. அவசரத்தில் நாம் எங்கே உட்காருவோம் என்று தெரிந்து, அங்கேயே ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்.

இரண்டு, அடைப்புக்குறிக்கு முன்னால் வரும் மைனஸ். 20 − (8 − 3) என்பது 15. வேகத்தில் அடைப்பைத் தூக்கிவிட்டு 20 − 8 − 3 என்று எழுதினால் 9.

மூன்று, திரையில் இருக்கும் 63 காகிதத்துக்கு வரும்போது 36 ஆகிவிடுவது. கணக்கு எழுதும் குமாஸ்தாக்களுக்கு இது பழைய எதிரி. பற்றும் வரவும் டாலி ஆகவில்லை, வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறது என்றால், எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவார்கள். 63-க்கும் 36-க்கும் வித்தியாசம் 27. தப்புக்கு விலாசம் உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"அவ்வளவுதானா அங்கிள்?" என்றாள். குரலில் அழுகையா சிரிப்பா என்று புரியவில்லை. 'நான் கவனமில்லாதவள்' என்று இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள், பாவம்.

விலாசம் தெரிந்துவிட்டால் வைத்தியம் சுலபம். ஜப்பானில் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வார்கள். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-ல் செய்த சோதனையில், இப்படிச் சுட்டிச் சொன்னபோது தவறுகள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்தன. பரீட்சை ஹாலில் கத்த முடியாது. அதனால் கணக்கைத் தொடங்குமுன் ரஃப் ஷீட்டில் 'கொடுத்தது = ?' என்று கேட்டதை மட்டும் எழுதச் சொன்னேன். எண்ணை எழுதியதும் திரையை இன்னொரு தரம் பார்க்க வேண்டும். மைனஸுக்குப் பின்னால் அடைப்பு வந்தால் ஒரு வட்டம் போட வேண்டும். எல்லாம் சேர்த்து மூன்று, நான்கு விநாடி.

சரிபார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. போட்ட வழியிலேயே மறுபடி போனால், கண் அதே பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும். விடையைக் கேள்விக்குள் திருப்பிப் போட்டுப் பார்ப்பதுதான் நிஜமான பரிசோதனை. பந்து 10 ரூபாய் என்ற விடை அப்படித்தான் மாட்டிக்கொண்டது.

"இதுக்கெல்லாம் டயம் எங்கே அங்கிள்?" நியாயமான கேள்வி. வங்கி அதிகாரி முதல்நிலைத் தேர்வில் 35 கணக்கு, 20 நிமிஷம். கேள்விக்கு 34 விநாடி. தப்பானால் அந்தக் கேள்வியின் மார்க்கில் கால் பங்கு பிடித்துக்கொள்வார்கள். கேள்விக்கு ஒரு மார்க் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி பறந்து பறந்து 30 கணக்கு போட்டு 9 தப்பு: 21-லிருந்து 2.25 போக 18.75. இன்னொருத்தி 24 மட்டும் போட்டு 2 தப்பு: 22-லிருந்து அரை போக 21.5. கட்-ஆஃப் அரையிலும் காலிலும் நழுவுகிற தேர்வில், இது வேலைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம். நேரம் கையை வேகமாக ஓட்டுவதில் மிச்சமாகாது. நீளமான கணக்கைப் பார்த்ததும், 'உனக்கு ஒரு கும்பிடு' என்று தாண்டிப் போவதில்தான் மிச்சமாகும். அப்படித் தாண்டப் பழகத்தான் அவளுக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

தேர்வு எழுதிவிட்டாள். ரிசல்ட் இன்னும் வரவில்லை. மாப்பிள்ளைப் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. ஆனால் தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு மாறுதலைக் கவனித்தேன். மாதிரித் தேர்வு முடிந்து அவள் எழுந்து வந்ததும் அப்பா, "கவனமா போட்டியா?" என்று கேட்கவில்லை.

"இன்னிக்கு ஒண்ணாம் நம்பர் தப்பு எத்தனைம்மா?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணுப்பா. மூணாம் நம்பர் சுத்தமா இல்லை."