மின்சாரப் பெட்டியும் என் பிடிவாதமும்

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மழை ஓயாத ஒரு சனிக்கிழமையன்று, நானும் என் இளைய குமாரனும் சயானில் ரயிலேறி, தாதரில் வண்டி மாறி, கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து லாமிங்டன் சாலை நடைதூரமே. டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று அதற்கு வேறு பெயர் உண்டு. வழி கேட்கிறவர் எவரும் அப்பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை.

அவனிடம் 26,000 ரூபாய் இருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து இரண்டு ஆண்டுகளாய்ச் சேர்த்த பணம். அதைக் கொண்டு தன் கம்ப்யூட்டருக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்க விரும்பினான். விளையாட்டுக்கா இவ்வளவு பணம் என்று மூன்று மாதம் அவனிடம் கடுமை காட்டியவன் நான். "அவன் உழைத்த காசுதானே" என்று அவன் தாயார் சொன்னபடியால் கூடப் போனேன். போனவன் சும்மா இருந்திருக்கலாம்.

அவனிடமிருந்த பழைய கார்டு, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 75 வாட் மின்சாரத்துக்குள் அடங்குவது. செருகியிருக்கும் துளையின் வழியாகவே அதைப் பெற்றுக்கொள்ளும். அவன் விரும்பிய ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்னும் கார் பந்தய விளையாட்டோ, குறைந்தது ஜிடிஎக்ஸ் 970 வேண்டும் என்கிறது. ஆகவே அவன் ஒரு தாளில் கணக்கெழுதி வந்திருந்தான். ஆர்எக்ஸ் 6600 கார்டு ஒன்று, 21,000 ரூபாய்; 8 ஜிபி நினைவகம், 132 வாட். அதோடு 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று, 4,500 ரூபாய். தன் திரை 1080பி அளவுதான் என்பதால் அதற்குமேல் வலிமை தேவையில்லை என்றும் எழுதியிருந்தான். பெட்டிக்குள் எத்தனை அங்குல இடமுண்டு என்றுகூட அளந்திருந்தான்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே ஆளை அறிந்துகொண்டார். பழைய ஆர்டிஎக்ஸ் 3070 ஒன்றை எடுத்து வைத்து, "24,000 கொடுங்கள், இது அதைவிடப் பெரியது" என்றார். 2022 செப்டம்பரில் எத்திரியம் நாணயத்தின் முறை மாறி, கார்டுகளைக் கொண்டு அதை ஈட்டும் வழி நின்றுபோனது. இரவும் பகலும் அதற்காக ஓடிய கார்டுகள் பின்பு மலிவாய்ச் சந்தைக்கு வந்தன. அவையெல்லாம் கெட்டவை அல்ல என்று என் மகனே சொன்னான். அவன் தயங்கியது வேறு காரணத்தால்.

"அப்பா, இது 220 வாட் இழுக்கும். 650 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டுமென்று கம்பெனியே சொல்கிறது. நம்முடையது பெட்டியோடு வந்த மலிவுச் சரக்கு. சபைக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கி, பழைய இன்வெர்ட்டரில் மாட்டினோமே, நினைவிருக்கிறதா?"

நினைவிருந்தது. நடு ஆராதனையில் அது அணைந்துபோனதும் நினைவிருந்தது. ஆனாலும், கண்ணுக்குத் தெரியாத தகரப் பெட்டிக்கு 4,500 ரூபாயா என்று என் மனம் முரண்டியது. "தம்பி, பெரியதை வாங்கு" என்றேன். அவன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அந்த மடிப்பை நான் கவனித்தேன், கவனித்தும் பேசாதிருந்தேன்.

அந்தக் கார்டுக்குத் தனி மின்கம்பி வேண்டும். எங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அது இல்லை. கடைக்காரர் கொடுத்த மாற்று வயரால் இணைத்தோம். கம்ப்யூட்டர் எழுந்தது, எனக்கும் பெருமிதம் எழுந்தது. விளையாட்டைத் திறந்த சில நிமிஷங்களில் எல்லாம் இருண்டது. மறுபடியும் போட்டான், மறுபடியும் இருண்டது. வயரைத் தொட்டுப் பார்த்தவன் உடனே பிளக்கைப் பிடுங்கினான். கை பொறுக்காத சூடு. "நான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாயிருந்திருக்கும்.

கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்தார். இரண்டு வாரம் அலைந்து, வேறொருவரிடம் 19,000 ரூபாய்க்கு விற்றோம். மீதி 5,000 ரூபாயை நான் கொடுத்தேன். பணம் கொடுப்பது பெரிதாயில்லை. "தப்பு என்னுடையது, தம்பி" என்று சொல்லுவதற்குத்தான், பிரசங்க பீடத்தில் முப்பது வருஷம் நின்றவனுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அவன் அந்தத் தாளை மறுபடி விரித்தான். இம்முறை லாமிங்டன் சாலைக்கு அவன் தனியே போய் வந்தான்.

அன்றிரவு அவன் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். திரையில் மெக்சிகோ தேசத்துச் சாலைகள். புழுதிப் புயலுக்குள் ஒரு கார் பாய்ந்துகொண்டிருந்தது.

"மெதுவாய்ப் போ, தம்பி" என்றேன், என்னையறியாமல்.

"இது பந்தயம், அப்பா" என்றான் அவன். ஆனாலும் சற்று மெதுவாகத்தான் போனான்.