உறங்காத துணை

நாம் உறங்கும்போதும் உறங்காது உழைக்கும் உறுப்புகள் நம் உடலில் பல உள்ளன. அவற்றுள் ஒன்று கணையம். இரைப்பையின் பின்னே மறைந்திருக்கும் இவ்வுறுப்பு, இன்சுலின் என்னும் சுரப்பை வேண்டும்போது வேண்டுமளவு குருதியில் கலக்கின்றது. குருதியிலுள்ள சருக்கரை உடலுக்குப் பயன்பட அச்சுரப்பு இன்றியமையாதது. முதல் வகை நீரிழிவு நோயிலோ, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகின்றது. வேலியே பயிரை மேய்ந்தால் விளைவு என்னாகும்?

1921ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் அறிஞர் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். மறு ஆண்டிலேயே 14 வயதுச் சிறுவன் ஒருவன் அம்மருந்தால் உயிர் பிழைத்தான். அதற்குமுன் இந்நோய் கண்ட சிறுவர் நெடுநாள் வாழ்ந்ததில்லை. ஆயினும், ஊசியால் இட்ட மருந்து கணையத்தைப்போல் காலமும் அளவும் அறிந்து சுரப்பதில்லை. இக்குறையைப் போக்க எழுந்ததே இன்சுலின் பம்பு. தொடக்கத்தில் அது முதுகில் சுமக்கும் மூட்டையளவு பெரிதாய் இருந்தது. 1978ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர்கள் பிக்கப், கீன் முதலியோர், சிறு பொறியொன்றால் தோலின்கீழ் இடைவிடாது இன்சுலின் செலுத்தும் முறையை வெளியிட்டனர்.

இன்றைய பம்பு உள்ளங்கையில் அடங்குவது. அதனுள் மருந்துக்கலம் உண்டு. மெல்லிய குழல் வழியே இரவும் பகலும் மருந்து துளித்துளியாய்ச் செல்லும். சருக்கரையை அளந்தறியும் கருவியோடு இணைந்து, அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் பொறிகளும் வந்துள்ளன.

என் நண்பரின் மகள் இப்பொறியை அணிந்தே பள்ளி செல்கின்றாள். "இனி உனக்குக் கவலை இல்லையே அம்மா?" என்றேன். அவள் நகைத்து, "மாமா, இதற்குக் கணக்குத் தெரியும், நான் எத்தனை இட்டலி உண்ணப் போகிறேன் என்பது தெரியாது. அதை நான்தானே சொல்ல வேண்டும்!" என்றாள்.

ஒருநாள் நள்ளிரவில் குழல் மடங்கி மருந்து தடைப்பட்டதாம். பம்பில் இருப்பது விரைவில் ஆற்றல் தீரும் இன்சுலின். ஆதலின் தடை நேர்ந்தால் சில மணி நேரத்திலேயே உயிர்க்கு ஊறு விளையலாம். அச்சிறுமி அஞ்சவில்லை. சருக்கரை ஏறுவதைக் கண்டு, ஊசியால் மருந்து செலுத்திக்கொண்டு, புதுக்குழலையும் பொருத்திய பின்னரே பெற்றோரை எழுப்பினாள்.

பொறி நோயை நீக்குவதன்று. நோயோடு வாழ்வார்க்குத் துணை நிற்பது. அத்துணையைப் பயன்கொள்ள அறிவும் விழிப்பும் வேண்டும். இடையில் அப்பொறியை அணிந்த தோழரைக் காணும் மாணவர், வியந்து நோக்கவும் வேண்டா. இரங்கி ஒதுங்கவும் வேண்டா. நாள்தோறும் அவர் செய்யும் அரிய முயற்சியை அறிந்து, தோள்கொடுத்து நிற்றலே நட்பிற்கு அழகு.