மெல்போர்னில் முதற் பதினேழு நாட்கள்

ஆஸ்திரேலிய அரசாங்கத்தார் 2024-ஆம் ஆண்டு முதல், இந்தியருள் 18 வயது முதல் 30 வயது வரையுள்ளாரில் ஆண்டுக்கு 1,000 பேரைக் குலுக்குச் சீட்டினால் தேர்ந்து, தம் நாட்டில் ஓராண்டு உலாவவும் உழைக்கவும் அனுமதி அளித்து வருகின்றனர். நம் கல்லூரியிற் பயின்று வெளிப்போந்த யாம் இருவர் அச்சீட்டில் அகப்பட்டு, முதுகில் ஆளுக்கொரு மூட்டையுடன், 2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மெல்போர்ன் நகரை எய்தினோம். அந்நகரின் காட்சிகளை விரிப்பார் பலர் உளர். யாம் ஆங்குக் காலூன்றிய வகையை மட்டும் ஈண்டு வரைவாம்.

முதற்கண் எம்மை மயக்கியது ஞாயிறு. சென்னையில் மாசித் திங்கள் நண்பகலில் நிழல் வடக்கே விழும். ஆங்கோ ஞாயிறு வடபால் நின்று நிழலைத் தெற்கே வீழ்த்துகின்றது. நிழல் பார்த்துத் திசையறியும் வழக்கமுடைய யாம் இரண்டு நாள் எதிர்த்திசையிலே நடந்தோம். டிராம் வண்டிகளே எம்மைக் காத்தன. சென்னையில் 1953-இல் நின்றுபோன அவ்வண்டி, ஆங்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர் நீளமுள்ள பாதைகளில் இன்றும் ஓடுகின்றது. நகரின் நடுப்பகுதியில் கட்டணமும் இல்லை.

வழியறிதல் எளிதாயிற்று, வேலை பெறுதலே அரிதாயிற்று. வரி எண் பெறுதற்குக் கட்டணம் இல்லை. எனினும் அது தபாலில் வந்து சேர 28 நாள் வரை ஆகலாம். வீட்டுக்காரரோ சம்பளச் சீட்டைக் காட்டுக என்பர். சம்பளம் தருவார், "இந்நாட்டில் உம்மை அறிந்தார் இருவர் பெயரைக் குறிப்பிடுக" என்பர். இக்கேள்வி எல்லா விண்ணப்பத்தாள்களிலும் இருந்தது. ஒருவர்க்கொருவர் சான்று கூறுவோம் என்று யாம் நகைத்ததுண்டு. பிறந்த ஊரில், இன்னார் மகன் என்ற அளவில் எத்தனை கதவுகள் திறந்தன என்பதை அன்றே அறிந்தோம்.

1913-இல் திறக்கப்பெற்ற, மாநில நூலகத்தின் பெரிய குவிமாட மண்டபத்தில் அமர்ந்தே விண்ணப்பங்களை எழுதினோம். அங்கு எவரும், "நீவிர் யார்?" என்று வினவவில்லை. விடுதியிலோ கட்டில் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 45 டாலர், நம் நாணயத்தில் சற்றேறக்குறைய 2,500 ரூபாய். கைப்பொருள் நாடோறும் தேய்ந்தது. ஒன்பதாம் நாள் இரவு, திரும்பிச் செல்லும் விமானத்துக்கு வேண்டும் தொகையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு எஞ்சியதை எண்ணினோம். பன்னிரண்டு நாட்களுக்குப் போதுமாயிருந்தது.

அவ்விடுதியின் பொது அடுக்களையில் "இலவசம்" என்று எழுதிய ஓர் அலமாரி உண்டு. ஊர்விட்டுப் போவார் தாம் உண்டெஞ்சிய அரிசி, உப்பு, எண்ணெய், பாதிப்புட்டி மிளகு முதலியவற்றை அதில் வைத்துச் செல்வர், வருவார் எடுத்துக்கொள்வர். யார் வைத்தார், யார் எடுத்தார் என்னும் கணக்கு இல்லை. யாம் அவ்வரிசியைச் சமைத்து, மோரும் ஊறுகாயும் கூட்டி உண்டு, பாத்திரங்களை உடனே துலக்கி வைப்போம். பிறர் போட்டுச் சென்றவை இடத்தை அடைத்துக் கிடக்குமாதலின் அவற்றையும் துலக்குவதுண்டு. இது தருமமன்று, இடம் வேண்டிச் செய்ததே.

இதனைப் பிரெஞ்சு இளைஞர் ஒருவர் சில நாளாகக் கவனித்து வந்தார் போலும். எம்போன்றார் ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்தல் பொதுவாகக் கூடாது என்பது அந்நாட்டு விதி. அவர் ஓர் உணவுச்சாலையிற் பாத்திரம் கழுவும் வேலையில் இருந்தார். அவருக்கு அந்த ஆறு மாதம் முடியவிருந்தது. அடுத்து மில்டியூரா பக்கம் திராட்சை பறிக்கச் செல்வதாகக் கூறி, "உங்கள் இருவரையும் பற்றி முதலாளியிடம் சொல்லிவிட்டேன். நாளை மாலை நான்கு மணிக்குச் செல்லுங்கள்" என்றார். எம் பெயர்களை அவர் அதற்குமுன் கேட்டதேயில்லை. அப்பொழுதுதான் கேட்டு, தம் கைப்பேசியில் பிழையாகக் குறித்துக்கொண்டார்.

முதலாளியம்மையார் விண்ணப்பத்தாள் ஒன்றும் கேட்டிலர். ஒரு மணி நேரம் எம் கைகளைப் பார்த்துவிட்டு, வாரத்துக்கு நான்கு மாலை எனப் பணித்தார். வரி எண்ணைப் பின்னர்த் தரலாம் என்றார். சட்டமும் அதற்கு 28 நாள் தவணை அளிக்கின்றது. பிரெஞ்சு நண்பர் புறப்பட்ட அன்று, இலவச அலமாரியில் அரைப்பை அரிசியும் காப்பிப்பொடியும் புதிதாய்த் தோன்றின.

வரி எண் தாங்கிய கடிதம் பதினேழாம் நாள் வந்தது. அன்று உணவுச்சாலையிற் கூட்டம் மிகுதி, பெரிய தேக்சாக்கள் மலைபோற் குவிந்தன. விடுதிக்கு மீள நள்ளிரவு கடந்தமையின், கடிதத்தை மறுநாட் காலையிலேதான் பிரித்தோம்.